இலையில் இதயத்துடிப்பு கண்ட விஞ்ஞானி

சென்ற ஆண்டு அரைப்பரீட்சை விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மாயிக்கு நெஞ்சுவலி கண்டது. உடனே ஈரோட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். இறைவன் அருளால் அம்மாயி நலமுடன் வீடு திரும்பிவிட்டார். அவரோடு கூடவே ஒரு நீளமான காகிதமும் வந்தது. ரோஸ் நிறத்தில் கட்டம் போட்ட அந்தக் காகிதத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. தோழி அதைப் பள்ளிக்கு எடுத்து வந்தாள். மதிய உணவு வேளையில் நாங்கள் ஐந்தாறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். இதயம் தன் கையெழுத்தைத் தானே போட்டது போல இருந்தது அது.

எங்களுக்கு ஒரே சந்தேகம். இதயத்திற்குள் மின்சாரம் எங்கிருந்து வந்தது? அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரியிடம் ஓடினோம். அவர் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசு முடிச்சு இருக்கிறதாம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் செல்களின் சவ்வு வழியாக உள்ளே புகுவதாலும் வெளியே வருவதாலும் அங்கே ஒரு மின் அலை எழுகிறது. அந்த அலை தசையெங்கும் பரவ, தசை சுருங்குகிறது. அதைத்தான் நாம் துடிப்பு என்கிறோம். இவ்வளவும் சொல்லிவிட்டு, இதயத்தின் மின்சாரத்தை அளந்த ஆங்கிலேய மேதைகளோடு துணிந்து வாதாடிய நம் நாட்டவர் ஒருவர் உண்டு, அவர் பயின்றதும் நம்மைப் போல் ஒரு கத்தோலிக்கக் கலைக்கூடத்தில்தான், நூலகத்திற்குச் சென்று தேடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்படித் தேடிக் கண்டவர்தான் சர் ஜகதீச சந்திர போஸ். அவருடைய வரலாற்றை எங்களால் இயன்ற அளவு இங்கே தருகிறோம்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். இன்று அப்பகுதி வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட் பதவி வகித்தவர். அந்நாளில் அத்தகைய உத்தியோகத்தர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் செல்வர். ஆனால் பகவான் சந்திரர் தம் மகனைத் தாய்மொழி கற்பிக்கும் கிராமத்துப் பாடசாலையில் சேர்த்தார். வீட்டு ஏவலாளியான ஒரு முஸ்லிம் அன்பரின் மகன் ஒருபுறமும், மீனவர் ஒருவரின் மகன் மறுபுறமும் அமர, நடுவில் அமர்ந்து அகரம் பயின்றார் ஜகதீசர். மீனவச் சிறுவன் சொன்ன ஆற்றுப் பிராணிகளின் கதைகளே அவருக்கு முதல் உயிரியல் பாடம் எனலாம்.

இன்னொரு விந்தையும் படித்தோம். பகவான் சந்திரரால் சிறைத்தண்டனை பெற்ற ஒரு கொள்ளைக்காரன், விடுதலையானதும் பிழைக்க வழியின்றி அவரிடமே வந்து நின்றானாம். அவர் அவனைத் தம் மகனைப் பள்ளிக்குத் தூக்கிச் செல்லும் வேலையில் அமர்த்தினார்! சிறுவனைத் தோளில் சுமந்தபடி, தான் அடித்த கொள்ளைகளையெல்லாம் அவன் கதையாகச் சொல்லிக்கொண்டு போவானாம். எங்கள் பெற்றோர் இதற்குச் சம்மதிப்பார்களா என்று நினைத்துப் பார்த்தோம். மாட்டார்கள் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

1869-இல் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட ஜகதீசர் விரைவில் தூய சவேரியார் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அதே பெயர் கொண்ட கல்லூரியிலும் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் அருட்தந்தை யூஜின் லஃபோன். பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி இவர். இந்தியாவில் பௌதிகம் புத்தகத்தில் மட்டும் இருந்த காலத்தில், கருவிகளை வரவழைத்து, மாணாக்கர் கண்முன் சோதனை செய்து காட்டியவர். கல்லூரிக்கு வெளியே பொதுமக்களுக்கும் விஞ்ஞான விரிவுரைகள் ஆற்றினார். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியபோது உறுதுணையாக நின்றவரும் இவரே. அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் பிற்காலத்தில் நம் தமிழர் சர் சி. வி. இராமன் 1928-இல் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தார். ஒரு துறவியின் சோதனை மேசையிலிருந்து எத்தனை விளக்குகள் ஏற்றப்பட்டன பாருங்கள்! செடி கொடிகளில் மனம் வைத்திருந்த ஜகதீசரைப் பௌதிகத்தின் பக்கம் திருப்பியவர் லஃபோன் அடிகளே.

பட்டம் பெற்றதும் சீமைக்குச் சென்று சிவில் சர்வீஸ் பரீட்சை எழுத ஜகதீசர் விரும்பினார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. மகன் அறிஞனாக வேண்டும், பிறரை ஆளும் அதிகாரியாக வேண்டாம் என்றார். ஆனால் வீட்டில் பணமில்லை. பகவான் சந்திரர் ஏழை எளியோர் நலனுக்கென்று தொடங்கிய தொழில்கள் பல நஷ்டமடைந்து கடன் ஏறியிருந்தது. தாயாருக்கோ மகனைக் கடல் கடந்து அனுப்ப மனமில்லை. முடிவில் அந்தத் தாயே மனத்தைத் தேற்றிக்கொண்டு, தம் நகைகளை விற்றாவது அனுப்புவதாக முன்வந்தார். 1880-இல் போஸ் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

முதலில் அவர் பயின்றது மருத்துவம். ஆனால் ஏற்கெனவே பிடித்திருந்த கடுங்காய்ச்சல் விடவில்லை; பிண அறுவைக் கூடத்தின் நெடி அதை மேலும் கிளப்பியது. படிப்பை விட நேர்ந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்று, 1885-இல் தாயகம் திரும்பினார்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. இங்கேதான் முதல் சோதனை காத்திருந்தது. ஒரே வேலைக்கு ஆங்கிலேயருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பதவி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதிதான் கொடுக்க முன்வந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெள்ளையர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு! போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார்; சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! வீட்டிலோ தந்தையின் கடன். 1887-இல் திருமணமும் ஆயிற்று. இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுத் தந்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குச் சென்றது.

அவர் மணந்த மங்கை நல்லாளைப் பற்றி இங்கே சொல்லாமல் போக எங்களுக்கு மனமில்லை. அவர் பெயர் அபலா. மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய கனவு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. ஆனால் நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. ஆகவே அபலா அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று, வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பு பாதியில் நின்றது. மருத்துவப் படிப்பை நோயால் இழந்த இருவர் கணவன் மனைவி ஆனார்கள்! சம்பளம் இல்லாத அந்த நாட்களில் அவர்கள் ஹூக்ளி நதிக்கரையில் ஒரு வீட்டில் வாழ்ந்தனர். கணவர் கல்லூரிக்குப் போகப் படகில் நதியைக் கடப்பார். அபலா அந்தப் படகைத் தாமே துடுப்பு வலித்துத் திரும்பக் கொண்டுவருவார் என்பர். கூடுதுறையில் பரிசல் ஏறவே அஞ்சும் எங்களில் சிலருக்கு இது பெரிய வெட்கமாகிவிட்டது. பிற்காலத்தில் அபலா 1919-இல் பெண்கல்விக்கென ஒரு சங்கம் நிறுவி, வங்காளக் கிராமங்களில் பள்ளிகள் பல திறந்தார். கைம்பெண்களுக்குத் தொழிலும் கல்வியும் தந்தார்.

1894-இல், தம் முப்பத்தாறாம் பிறந்தநாள் அளவில், இனி ஆராய்ச்சியே வாழ்வு என்று போஸ் முடிவு செய்தார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சிறு அறையும், தாம் பயிற்றுவித்த ஒரு தகரவேலைக்காரருமே துணை. அவர் செய்த கருவிகள் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை எழுப்பின. 1895-இல் கல்கத்தா டவுன்ஹாலில், கண்ணுக்குத் தெரியாத அந்த அலைகள் சுவர்களைக் கடந்து சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கம்பியில்லாத் தந்தியைப் பற்றி உலகம் பேசத் தொடங்கிய நேரம் அது. காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்க அவருக்கு ஆசையில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. இது பற்றி எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. பெற்றிருந்தால் இன்னும் நல்ல ஆய்வுக்கூடம் முன்பே கட்டியிருக்கலாமே என்பது எங்களில் சிலர் கட்சி.

இனித்தான் எங்கள் கதையின் மையத்திற்கு வருகிறோம். 1899-இல் அலைகளை வாங்கும் தம் உலோகக் கருவி தொடர்ந்து வேலை செய்தால் சோர்ந்துபோவதையும், சற்று ஓய்வு கொடுத்தால் தெளிவதையும் போஸ் கவனித்தார். இது நம் தசை சோர்வதைப் போலல்லவா இருக்கிறது! ஒரு தகரக் கம்பியை எடுத்து முறுக்கி அதிரச் செய்து, அதில் எழும் மின் மாறுதலைக் கோடாக வரைந்தார். ஒரு தசையின் கோட்டையும் அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. நச்சு மருந்து இட்டால் இரண்டும் அடங்கின. உலோகத்திற்கு உயிர் உண்டு என்று இதனால் ஆகிவிடாது. அப்படி இன்றைய விஞ்ஞானிகள் எவரும் ஏற்பதில்லை. ஆனால் உயிருள்ள பொருளின் வேலையை அறிய, உயிரற்ற ஒன்றில் அதன் மாதிரியைச் செய்து பார்க்கும் யுக்தி இங்கே பிறந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பின்னர் அவர் கேரட், முள்ளங்கி முதலிய சாதாரணக் காய்கறிகளிலும், இலைக் காம்புகளிலும் மின் துடிப்பைக் கண்டார்.

1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ராயல் சொசைட்டியில் இவற்றைச் சோதனையோடு விளக்கினார். அவையில் முதல் வரிசை மேதை சர் ஜான் பர்டன் சாண்டர்சன். தவளையின் இதய மின்னோட்டத்தை அளந்தவர். பூச்சி பிடிக்கும் செடியில் 1873-லேயே மின் குறியைக் கண்டவர். மற்றொருவர் அகஸ்டஸ் வாலர். மனித இதயத்தின் மின் அலையை உடலைத் திறக்காமலே 1887-இல் முதன்முதலாகப் பதித்தவர் இவரே. அம்மாயியின் காகிதத்திற்கு மூதாதை அவர் வரைந்த கோடுதான்! தம் ஜிம்மி என்ற நாயின் கால்களை உப்புநீர் ஜாடிகளில் நிற்க வைத்து அதன் இதயத்தையும் பதித்துக் காட்டுவார். இத்தகையோர் சம்மதித்திருந்தால் போஸுக்கு வழி திறந்திருக்கும். ஆனால் பர்டன் சாண்டர்சன், சாதாரணச் செடியில் இத்தகைய மறுமொழி இருக்க முடியாது என்றும், பௌதிகப் பேராசிரியர் தம் துறையோடு நிற்பதே நலம் என்றும், கட்டுரையின் தலைப்பை மாற்ற வேண்டும் என்றும் கூறிவிட்டார். போஸ் ஒரு சொல்லையும் மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சேறாமல் அலமாரியில் வைக்கப்பட்டது.

சில மாதங்கள் கழிந்தன. சாதாரணத் தாவரங்களில் மின் மறுமொழி கண்டதாக வாலர் வெளியிட்டார். முதற்கண் கண்டது யார் என்ற வழக்கு எழுந்தது. லின்னியன் சங்கத்தார் ஆராய்ந்து பார்த்து, போஸ் முன்பே கூறியது உண்மை என்று கண்டு, 1902-இல் அவருடைய கட்டுரையை வெளியிட்டனர். அதே ஆண்டு அவருடைய நூலும் வெளிவந்தது. சகோதரி நிவேதிதா அவருடைய நூல்கள் பலவற்றைச் செம்மைப்படுத்த உதவினார்.

கண்ணால் கண்டாலன்றி உலகம் நம்பாது என்று உணர்ந்த போஸ், செடியே தன் கதையை எழுதும் கருவிகளைச் செய்தார். புகையேற்றிய கண்ணாடித் தகட்டில் மெல்லிய கம்பி நுனி தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்கும். நொடியை நூறாகவும் ஆயிரமாகவும் பகுத்து அளக்கலாம். நம் வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கிறதே தொட்டாற்சுருங்கி, அதன் காம்பு வழியாக நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மின் குறி ஓடுவதை இவ்வாறு அளந்தார். குளிர் அந்த வேகத்தைக் குறைத்தது. மயக்க மருந்து நிறுத்திவிட்டது.

அவருக்கு மிகவும் பிடித்த செடி தொழுகண்ணி. அதன் பெரிய இலையின் அடியில் இரு சிற்றிலைகள் உண்டு. யாரும் தொடாமலே, காற்றும் வீசாமலே, அவை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைந்தபடி இருக்கும். போஸ் இதை இதயத்தோடு ஒப்பிட்டார். ஈதர் கொடுத்தால் நிற்கிறது. நல்ல காற்றுப்பட்டால் மீண்டும் துடிக்கிறது. வெப்பம் ஏறினால் விரைகிறது. அமிலம் ஒரு நிலையிலும் காரம் அதற்கு எதிர் நிலையிலும் துடிப்பை நிறுத்துகின்றன. தவளை இதயத்திலும் அப்படியே. 1914-இல் இந்தச் செடிகளைக் கப்பலில் பத்திரமாக ஏற்றிச் சென்று, ஐரோப்பிய அறிஞர் முன் துடிக்க வைத்தார். முன்பு மூடிய கதவுகள் திறந்தன. 1917-இல் சர் பட்டமும், 1920-இல் அதே ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் வந்தன. 1917 நவம்பர் 30, தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரியாயிற்று என்று எழுதினால் அது உண்மையாகாது. மரத்தின் தண்டுக்குள் இதயம் போலத் துடிக்கும் செல்வரிசை ஒன்றே நீரை மேலே ஏற்றுகிறது என்று அவர் நம்பினார். இலைகளிலிருந்து நீர் ஆவியாவதே முக்கிய காரணம் என்பதுதான் இன்று நாம் பாடத்தில் படிப்பது. செடிக்கு நம்மைப் போன்ற நரம்பும் கிடையாது. ஆனால் செடியில் மின் குறி ஓடுகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. 1937 நவம்பர் 23-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதி என்னும் ஊரில் போஸ் காலமானார்.

அவர் தகரக் கம்பியில் செய்து பார்த்ததை இன்று கணிப்பொறியில் செய்கிறார்கள். அவர் பயின்ற கேம்பிரிட்ஜிலேயே ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் பெரிய நரம்பில் ஓடும் மின்சாரத்தைச் சமன்பாடுகளாக 1952-இல் வடித்தனர். 1960-இல் இலண்டனில் டெனிஸ் நோபிள் என்னும் இளைஞர் அந்தச் சமன்பாடுகளை இதயத்திற்கு ஏற்ப மாற்றினார். ஓர் அறை நிறைய இருந்த கணிப்பொறியில் அவருக்குக் கிடைத்தது நள்ளிரவு தாண்டிய நேரம்தானாம். எண்கள் துடித்தன! இப்போது சுண்டெலியின் இதயத்தையே கணிப்பொறியில் கட்டுகிறார்கள். சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கிறது, நம்முடையது 72. ஆகவே எலியில் சரியாக வரும் மருந்து நமக்குச் சரியாக வருமா என்பதை இரண்டு இதயங்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதயத்தசை நார்களின் நீளவாக்கில் மின் அலை வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் ஓடுமாம். இதைக் கேட்டதும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு ஜமக்காளத்தின் பாவும் ஊடையும் நினைவுக்கு வந்தன. நூல் எந்தத் திசையில் போகிறது என்று தெரியாமல் ஜமக்காளம் நெய்ய முடியுமா? அதுபோல நாரின் திசை தெரியாமல் கணிப்பொறி இதயம் சரியாகத் துடிக்காது.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் முன் நாங்களும் ஒரு சோதனை செய்தோம். பள்ளித் தோட்டத்தின் தொட்டாற்சுருங்கியில், இலையின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விட்டோம். நுனிச் சிற்றிலைகள் மூடின. பின் அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று மூடிக்கொண்டே வந்து, கடைசியில் காம்பே தலை குனிந்தது. ஸ்கேலும் கைக்கடிகாரமும் வைத்து அளந்தோம். நான்கு பேருக்கு நான்கு விடை வந்தது. அருட்சகோதரி சிரித்துவிட்டு, இன்னும் பத்து இலைகளில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லியிருக்கிறார். தொழுகண்ணியை எங்களில் எவரும் இதுவரை கண்டதில்லை. அம்மாயிக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் விதை கிடைத்தால் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் ஆய்வுக்கூட ஜன்னலோரத்தில் வைப்போம்.